பழகிய மூக்கு

என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் படித்த பையன் ஒருவன் ஆழ்வார்பேட்டைப் பக்கம் காப்பிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். கடை என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். "ரோஸ்டரி சார். கொட்டைய நாங்களே வறுத்து, நாங்களே அரைச்சு, நாங்களே போட்டுக் குடுக்கறோம்." அவன் அம்மா காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மீன் வாங்கப் போகும்போது, அவனுக்கு லீவாக இருந்தால், கூடைக்குப் பக்கத்தில் நிற்பான். "ஒரு நாள் வாங்க சார், என் கையால ஒரு காப்பி குடிங்க" என்பான். இரண்டு வருடம் சிரித்தே சமாளித்தேன். ராயபுரம் தாண்டி வடக்கே வந்துவிட்டால் எங்களுக்கு டீதான். ஒரு காப்பிக்காகப் பதினைந்து கிலோமீட்டர் போவதா என்று ஒரு கூச்சம். கடைசியில் அவன் அம்மாவே கேட்டுவிட்டார்: "புள்ள இம்மாந்தொலவு போய் இன்னாதான் செய்றான்னு நீங்களாச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன் சார்." அதற்கப்புறம் தட்ட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு தெற்கே போவது சுலபமாகிவிட்டது. புது வண்ணாரப்பேட்டை தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி மேலே ஏறி வந்தால் தேனாம்பேட்டை. நடுவில் இருக்கும் ஊர் எதுவும் கண்ணில் படாது, மூக்கிலும் படாது.

கடை ஒரு பழைய வீடு. முன்னால் மாமரம், உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வறுக்கும் இயந்திரம். பத்தரை மணிக்கே கூட்டம். பலகையில் 'பிரஞ்ச்' என்று எழுதியிருந்தது. காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிப் பதினோரு மணிக்குச் சாப்பிடுவதாம். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காசிமேட்டிலிருந்து மீன் வந்து, கழுவி, குழம்பு கொதிக்கப் பதினோரு மணி ஆகிவிடும். அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே புளித்த மாவு ரொட்டியின் மேல் அவகாடோ மசித்துத் தடவி, அதன் மேல் முட்டை வைத்து 420 ரூபாய். காப்பி 280.

பையன் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தான். மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று, காகிதக் கூம்பில் தூளைப் போட்டு, வளைந்த மூக்குக் கெண்டியால் வட்டமாக வெந்நீர் ஊற்றினான். பதினாறு கிராம் தூளைத் தராசில் நிறுத்துத்தான் போட்டான். கணக்கில் எப்போதும் ஐம்பதைத் தாண்டாத பையன்.

காப்பியோடு ஒரு சின்ன அட்டை வந்தது. எந்த மலை, எந்த எஸ்டேட், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், என்ன ரகம், பழத்தைக் கழுவி எடுத்ததா தோலோடு வெயிலில் உலர்த்தியதா, எந்த மாதம் பறித்தது, எந்தத் தேதியில் வறுத்தது என்று எல்லாம் அதில் இருந்தது. கீழே, நாக்கில் என்னென்ன தெரியும் என்பதும்: ஆரஞ்சுத் தோல், முந்திரி, கரும்புச்சாறு.

காப்பி வறுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பீபரி இத்தனை, பிளாண்டேஷன் ஏ இத்தனை, சிக்கரி இத்தனை என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்துச் சூட்டோடு வாங்கிப்போன தலைமுறைகள் உண்டு. அட்டையும் ஒருவகையில் புதிதல்ல. சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அது கலப்படத்துக்குப் பயந்த காலத்து அட்டை. விற்பவனை நம்பாதே என்று சொல்வது. இந்தப் புது அட்டை வேறு ஜாதி. என்னை நம்பு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்கிறது.

(ஜாதி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நகரத்தில் காப்பி வெறும் பானமாக இருந்ததே இல்லை. யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். இன்றைக்கு அப்படிப் பலகை எதுவும் இல்லை. விலைப்பட்டியல் இருக்கிறது.)

"கரும்பு தெரியுதா சார்?" என்று கேட்டான். எனக்குப் புளிப்பும் கசப்பும்தான் தெரிந்தன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஊர்க் கடலோரத்தில்தான் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், எல்லாவற்றையும் துறந்து கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தார். அதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி. அது திருவொற்றியூரில் இனித்தது என்று கதை. அந்த ஊர்க்காரன் நான் ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்து கரும்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஆறட்டும் சார், அப்பால தெரியும்" என்றான். ஆறிய பிறகு, பொய் சொல்லக் கூடாது, லேசாகத் தெரிந்தது. நன்றாகவே இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொருளின் பிறப்பிடத்தை வாங்குகிறவனுக்குச் சொல்வது ஒரு நல்ல காரியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? காப்பியைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நாவலின் வாசனை உண்டு. ஜாவாவில் பணிபுரிந்த டச்சு அதிகாரி ஒருவர், முல்தாத்துலி என்ற புனைபெயரில் 1860இல் 'மாக்ஸ் ஹவலார்' என்ற நாவலை எழுதினார். ஜாவா விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்த காலனி ஆட்சியைப் பற்றியது. ஆனால் கதையைத் தொடங்குபவன் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் ஒரு காப்பித் தரகன். அவனுக்குத் தன் வியாபாரம் தெரியும். அதற்கப்பால் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. 1988இல் நெதர்லாந்தில் நியாய வணிகத்துக்கான முதல் முத்திரை காப்பிப் பாக்கெட்டில் வந்தபோது அதற்கு வைத்த பெயர் மாக்ஸ் ஹவலார். கோபத்தில் பிறந்த நாவல், நூற்று இருபத்தெட்டு வருடம் கழித்து ஒரு முத்திரையாகிவிட்டது. இது வெற்றியா இல்லையா என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வெற்றிதான் என்று நினைக்கிறேன், பாதி.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் என் கையிலிருந்த அட்டை. அதில் மலையின் உயரம் இருந்தது, பழம் பறித்தவரின் கூலி இல்லை. 1830கள் தொடங்கி தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கண்டி மலைக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு நடந்தே போனவர்களில் காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காப்பி அழிந்து, அதே மலையில் தேயிலை வந்தது. எங்கள் டீயும் அப்படி வந்ததுதான். இதெல்லாம் அட்டையில் எழுதக்கூடியதா? எழுதினால் காப்பி இறங்காது. ஆக, அட்டை சொல்வது அறிவு என்றாலும் ஒரு வகை அறிவு மட்டும்தான். தெரிந்துகொண்டால் சுவை கூடுகிற விஷயங்களைச் சொல்கிறது. சுவை குறைகிற விஷயங்களை யாரும் மறைக்கவில்லை, இடமில்லை, அவ்வளவே. நானும் கேட்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பையன் என்னைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூட்டிப்போனான். பச்சைக் கொட்டையில் காப்பி வாசனையே இல்லை. வைக்கோல் மாதிரி இருந்தது. வறுக்கும்போது முதலில் புல், பிறகு ரொட்டி, பிறகு 'படபட'வென்று வெடிக்கும் சத்தம், அதற்குப் பிறகுதான் காப்பி. எந்த நொடியில் இறக்குவது என்பது மூக்கின் வேலை. அதற்குப் பயிற்சி இருக்கிறதாம். சின்னச் சின்ன பாட்டில்களில் வாசனைகள். மூடியைத் திறந்து மோந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் உறிஞ்சி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு தாளில் மதிப்பெண் போட வேண்டும். எண்பதும் அதற்கு மேலும் வாங்கினால்தான் 'ஸ்பெஷாலிட்டி'.

"வந்த புதுசுல எனக்கு ஒண்ணுமே தெரியல சார். கூட ஜாயின் பண்ண பொண்ணு, ஏலக்காய், மல்லிகைன்னு டக்கு டக்குன்னு சொல்லுது. நான் எல்லாத்துக்கும் 'இன்னாவோ வாசனை'ன்னு சொல்றேன். மூக்கு கெட்டுப்போச்சு போலன்னு டாக்டராண்ட கூட போனேன். எங்க ஊட்ல கண்ணு எரிஞ்சாத்தானே வாசனைன்னு தெரியும்."

அவன் வீடு எர்ணாவூர் பக்கம். டாக்டர் மூக்கில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டார். எட்டு மாதம் விடாமல் பழகினான். காலையில் அம்மாவின் கூடையில் ஒவ்வொரு மீனையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பானாம். சங்கரா, வஞ்சிரம், காரப்பொடி. மூக்கு திறந்துகொண்டது. இப்போது கடையில் வறுப்பதற்குக் கடைசி வார்த்தை அவனுடையதுதான்.

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது குரலைத் தணித்துச் சொன்னான்:

"ஆனா ஒரு கஷ்டம் சார். ஊட்டுக்குப் போனா இருக்க முடியல. முன்னல்லாம் ஒண்ணும் தெரியாது. இப்ப படுத்துக்கினு இருக்கசொல்ல எல்லாம் தனித்தனியா தெரியுது. இது கந்தகம், இது ரப்பரு, இது சாக்கடை, இது இன்னாவோ பெயின்ட்டு மாதிரி. ஒண்ணு ஒண்ணும் எப்ப வருது எப்ப போவுதுன்னு தெரியுது. தூக்கமே வர்றதில்ல. அம்மாவ வேற எடத்துக்குப் போலாம்னு கூப்ட்டா, கடல வுட்டுட்டு எங்கடா வர்றதுன்னுது."

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பேச்சை மாற்றுகிறமாதிரி மேலே போகும் புகைக்குழாயைக் காட்டி, இந்தப் புகை எங்கே போகிறது என்று கேட்டேன். அது பேச்சை மாற்றவில்லை. போன வருடம் பின்னாலிருக்கும் அடுக்குமாடியில் ஒரு அம்மா, காப்பி வறுக்கும் புகை துணியில் ஏறுகிறது, குழந்தை இருமுகிறது என்று வந்து சொன்னாராம். முதலாளி நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டு, வறுக்கும் நேரத்தை மாற்றி, குழாயை உயர்த்தி, புகையை மறுபடி எரித்து வெளியே விடும் கருவி ஒன்றையும் வாங்கிப் பொருத்தினார். "எல்லாம் ரெண்டே வாரம் சார்." அவன் கேலியாகச் சொல்லவில்லை. பிரமிப்போடுதான் சொன்னான்.

அந்த அம்மா கேட்டது நியாயம். அவர் செய்தது சரி. எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வாரம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

2023 டிசம்பரை எங்கள் பக்கம் மறக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அது ஓயும் முன்பே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அன்றைக்குத்தான் நகரத்துக்கு எங்கள் காற்று செய்தியானது. மற்ற நாட்களில் அது காற்று.

அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்ததை எல்லாம் யோசித்துப் பாருங்கள். கொட்டையை வறுப்பது காஸ். உருளை சுற்றுவது, அரைப்பது, எஸ்பிரெஸோ, குளிர்சாதனம், மாமரத்தில் சுற்றிய சின்ன விளக்குகள் எல்லாம் மின்சாரம். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின்நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830 மெகாவாட், வல்லூரில் 1,500. இவற்றுக்குக் கரி இறக்கத்தான் 2001இல் எண்ணூர்த் துறைமுகமே முதலில் திறந்தது. எரித்த சாம்பலில் எவ்வளவோ கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கிறது. ஆனால் கடையில் எரியும் விளக்கு எங்கள் கரியில்தான் எரிகிறது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. காற்றாலை, அணு உலை, நெய்வேலி எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகிறது. மின்சாரத்துக்கு எஸ்டேட் கிடையாது. அதனால் அதற்கு அட்டையும் கிடையாது.

இப்படி ஒரு பழைய வழக்கு உண்டு. பௌத்தத் துறவிகள் இறைச்சி சாப்பிடலாமா என்ற கேள்விக்கு அவர்களுடைய விதி சொல்லும் பதில்: தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேள்விப்படாமல், சந்தேகப்படாமலும் இருந்தால் அந்த உணவு சுத்தம். பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நியாயமான விதி. தட்டில் விழுவதைத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியாது. வள்ளுவர் இதை விடமாட்டார். புலால் மறுத்தலில் அவர் சந்தைக் கணக்கைக் கொண்டுவருகிறார்: வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் இருக்கிறான், கையில் கத்தி இல்லை என்பதால் நீ தப்பிவிட முடியாது. பௌத்தர்களுக்குச் சொன்ன பதில் அது என்று படிப்பவர்கள் உண்டு. நான் வாரம் நாலு நாள் மீன் சாப்பிடுகிறவன். அந்த அதிகாரத்தை எடுத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் மனசு வள்ளுவர் பக்கம்தான் சாய்கிறது.

சாய்ந்த பிறகுதான் சிக்கல். வள்ளுவருடைய கணக்கில் வாங்காமல் இருப்பது என்று ஒரு வழி உண்டு. 280 ரூபாய்க் காப்பியை வாங்காமல் இருக்கலாம். மின்சாரத்தை? ஆழ்வார்பேட்டை அம்மாவால் முடியாது, என்னாலும் முடியாது, எர்ணாவூரில் புழுக்கத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் பையனாலும் முடியாது. விலக முடியாத விஷயத்தில் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? சும்மா குற்ற உணர்ச்சிதானே என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தப் புகைக்குழாயைப் பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த அம்மா காப்பியை வாங்காமல் இருந்து ஒன்றையும் சாதிக்கவில்லை. அவர் போய்ச் சொன்னார். சொன்னதைக் கேட்க ஒரு ஆள், பத்தடி தூரத்தில், முகத்தோடு இருந்தார். எங்கள் புகாருக்கு அந்தப் பத்தடி கிடைப்பதில்லை. மனு கொடுத்தால் அது எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். இத்தனை ஆலைகள் நடுவில், நாற்றத்துக்கு யார் எஸ்டேட் கண்டுபிடிப்பது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நேர்மையாகாது. என் அப்பா இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையில் ரப்பர் வாடை அடிக்கும். அது எங்களுக்கு அப்பா வாசனை. அது வந்தால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று அர்த்தம். நான் பி.எஸ்ஸி. படித்தது அந்த வாடையில்தான். அதனால்தானோ என்னவோ, ஊர்க்காரர்கள் நாற்றம் என்று சொல்லும்போதெல்லாம் "நமக்குத்தான் பழகிடுச்சே" என்று சொல்கிறவனாக இருந்துவிட்டேன். நாற்றம் என்ற சொல்லுக்கே பழைய தமிழில் நறுமணம் என்றுதான் பொருள். அதுவும் எங்களைப் போல எங்கோ வழியில் கெட்டுப்போனது. பழகுதல் என்ற சொல்லும் இரண்டு பக்கம் பேசுகிறது. எனக்கு மூக்கு பழகிவிட்டது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம். அவன் மூக்கைப் பழக்கினான் என்றால் உயிரோடு எழுந்தது.

ஊருக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் பிள்ளை அங்கே பெரிய ஆள், அவன் மோந்து பார்த்துச் சொன்னால்தான் அடுப்பை அணைக்கிறார்கள். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "ஊட்ல கொழம்பு தீயறது தெரியாது அவனுக்கு" என்றார். தூக்கம் வராத விஷயத்தை நான் சொல்லவில்லை.

பையனிடம் வேறொன்று சொன்னேன். 2004 வாக்கில் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள், நாற்றம் அடிக்கும்போதெல்லாம் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது மாதிரி வாடை என்று எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்துக் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காற்றில் என்னென்ன ரசாயனங்கள் இருக்கின்றன என்று பெயர் பெயராகத் தெரியவந்தது. அதுவரை அவர்கள் சொன்னது வெறும் புலம்பலாக இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். கையில் கடையில் மதிப்பெண் போடும் தாள்கள், ஒரு கட்டு. 'வாசனை', 'பின்சுவை', 'தெளிவு' என்று அச்சடித்த கட்டங்களில் சிலதை அடித்துவிட்டு மேலே பேனாவால் எழுதியிருந்தான். தேதி. மணி. காற்று. எது மாதிரி. பத்துக்கு எவ்வளவு. அம்மா இருமினாரா. பதினேழு நாட்கள் எழுதியிருந்தான்.

"இத யாராண்ட குடுக்கறது சார்?"

எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பெயரைச் சொன்னேன். அவர்கள் மீனவர் சங்கத்தில் இருப்பவர்கள், இதற்காக வருடக்கணக்கில் அலைகிறவர்கள். மொட்டைமாடிக்குப் போனோம். காற்று வடக்கேயிருந்து வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "இது கந்தகம் இல்ல சார், வேற. உங்களுக்குத் தெரியுதா?"

நானும் கண்ணை மூடினேன். இழுத்து மூச்சு விட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் செல்போன் வெளிச்சத்தில் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டான்.